ஆண்களுக்கு விற்கப்படும் அரைக் கணக்கு

சில மாதங்களுக்கு முன்பு என்னுடைய பழைய மாணவர் ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். சேலம் பக்கத்துக் குடும்பம். மகனுக்கு 26 வயது, பொறியியல் பட்டதாரி, ஒரு சிறு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. ஓராண்டாகப் பெண் பார்த்தும் எதுவும் அமையவில்லை என்று தந்தை குறைபட்டுக்கொண்டார். இடையில் ஒரு தொலைபேசி அழைப்புக்காக அவர் வாசலுக்கு எழுந்து சென்றபோது, அந்த இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது சார். எண்பது பர்சன்ட் பொண்ணுங்க இருபது பர்சன்ட் ஆம்பளைங்களைத்தான் விரும்புறாங்க. மத்தவங்க கணக்கிலேயே இல்ல. இது உங்க பாடம்தானே? பரேட்டோ விதி.”

பிறகு தன் கைப்பேசியில் எழுதிவைத்திருந்த ஒரு குறிப்பைக் காட்டினார். உயரம், சம்பளம், தாடை, உடற்கட்டு, ‘தன்னம்பிக்கை’ என்று வரிசையாகத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மொத்தத்தில் பத்துக்கு நான்கு. யூடியூபில் ஆண்களுக்கு ஆலோசனை வழங்கும் ஒருவர் கற்றுக்கொடுத்த முறைப்படி தன் ‘சந்தை மதிப்பை’ அவரே கணக்கிட்டிருந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். தேவை, அளிப்பு, விலை, பரேட்டோ என்று கரும்பலகையில் எழுதிய சொற்கள், ஓர் இளைஞர் தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும் அளவுகோலாக மாறித் திரும்பிவரும் என்று எதிர்பார்க்கவில்லை. அன்று உடனடியாக விடை சொல்ல முடியவில்லை. அவர் குறிப்பிட்ட காணொளிகளையும் அவற்றுக்கு மூலமான நூல்களையும் அடுத்த சில வாரங்கள் பொறுமையாகப் பார்த்தேன், படித்தேன். விடைத்தாள் திருத்துவதுபோல, சரியான வரிக்கு மதிப்பெண் கொடுத்தும் தவறான வரியை அடிக்கோடிட்டும் வாசித்தேன். இக்கட்டுரை அந்த வாசிப்பின் விளைவு.

சரியான வரிகள்

முதலில் மதிப்பெண் கொடுக்க வேண்டிய இடங்கள். இந்த ஆலோசனைகளில் பாதிக்குமேல் யாரும் மறுக்க முடியாதவை. நேரத்துக்கு எழு, உடற்பயிற்சி செய், கடன் வாங்கிச் செலவு செய்யாதே, அறையைச் சுத்தமாக வைத்துக்கொள், சொன்ன சொல்லைக் காப்பாற்று. கனடா நாட்டு உளவியலாளர் ஜோர்டன் பீட்டர்சன் 2018இல் வெளியிட்ட, வாழ்க்கைக்கு 12 விதிகளைக் கூறும் நூல் உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்றது. நிமிர்ந்து நில் என்பது அதன் முதல் விதி. நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதுதான். ஆனால், அதைப் பொறுமையாக, ஓர் ஆணின் தனிமையைப் புரிந்துகொண்ட குரலில் சொல்வதற்கு ஒருவர் கிடைத்தார் என்பதே பலருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. இதை ஏளனம் செய்வது எளிது, பயனில்லை.

சிக்கல், அறிவுரையோடு சேர்த்துக் கட்டித் தரப்படும் கோட்பாட்டில் இருக்கிறது. நிமிர்ந்து நில் என்பதற்கு ஆதரவாகக் கடல் நண்டு இனத்தைச் சேர்ந்த லாப்ஸ்டரின் அதிகாரப் படிநிலையை பீட்டர்சன் எடுத்துக்காட்டுகிறார். சண்டையில் வென்ற லாப்ஸ்டர் நிமிர்ந்து நிற்கிறது, தோற்றது கூனிக்குறுகுகிறது, ஆகவே படிநிலை என்பது இயற்கையிலேயே ஆழமாக வேரூன்றியது என்பது வாதத்தின் போக்கு. உயிரினங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மனிதருக்குப் பாடம் சொல்வதென்றால், ஏன் லாப்ஸ்டர்? யானைக் கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண் யானை. மனிதருக்கு மிக நெருங்கிய உறவான போனபோ குரங்குகளிடையே பெண்களின் கூட்டணியே பெரும்பாலும் மேலாதிக்கம் செலுத்துகிறது. முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற சான்றைப் பொறுக்குவதை, எங்கள் துறையில் தேர்வுச் சார்பு என்போம். முதலாண்டு மாணவர் செய்தாலும் மதிப்பெண் குறையும்.

விலகிக்கொண்ட ஓநாய்

அடுத்து, ‘ஆல்ஃபா ஆண்’. இன்று இச்சொல் தமிழ்க் காணொளிகளிலும் சரளமாகப் புழங்குகிறது. இதன் பிறப்பிடம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர விலங்குக் காட்சிசாலை. அங்கு அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்த ருடால்ஃப் ஷெங்கெல், அவற்றிடையே முதலிடத்துக்கான போட்டி நிலவுவதாக 1947இல் எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய் பற்றிய நூல் அக்கருத்தைப் பரவலாக்கியது.

பின்னர் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் நேரில் கவனித்த அதே மெக், 1999இல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். முன்னே செல்வது சண்டையில் வென்ற வீரன் அல்ல, தாயும் தந்தையும்தான் என்பது அவர் கண்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஓநாய்களைக் கம்பிவேலிக்குள் அடைத்தால் காணக்கூடிய நடத்தையை, ஓநாய்களின் இயல்பாக உலகம் எடுத்துக்கொண்டுவிட்டது. தன் பழைய நூலை மேலும் அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் மெக் கேட்டுக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. கருத்தைப் பரப்பிய அறிஞர் விலகிய பிறகும், அக்கருத்தை விற்பவர்கள் விலகவில்லை.

எண்பதும் இருபதும்

இனி, அந்த இளைஞர் கேட்ட கேள்வி. 2025 மார்ச்சில் வெளியாகிப் பிரிட்டனில் பெரும் விவாதத்தைக் கிளப்பிய ‘அடலசன்ஸ்’ தொடரில் இந்த 80/20 கணக்கு ஒரு முக்கியமான இடத்தில் வருகிறது. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் உடன் படித்த பெண்ணைக் கொன்றதாகக் கைதாகும் கதை அது. அங்குள்ள மேல்நிலைப் பள்ளிகளில் அதை இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்யப்பட்டது. லண்டனில் பேசப்படும் அதே எண், ஓமலூரிலும் ஆத்தூரிலும் கைப்பேசித் திரையில் ஓடுகிறது.

வில்ஃப்ரெடோ பரேட்டோ ஆராய்ந்தது செல்வமும் வருமானமும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை. ஒரு சிறு பகுதியினரிடம் பெரும்பகுதி குவிகிறது என்பது அவர் கண்ட வடிவம். அதைத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுக்கு விரித்து, பரேட்டோவின் பெயரையே சூட்டியவர் மேலாண்மை அறிஞர் ஜோசஃப் ஜுரான். நிலத்தையும் பணத்தையும் ஒருவரே நூறு மடங்கு குவிக்கலாம். வாழ்க்கைத் துணையை அவ்வாறு குவிக்க முடியாது. ஆயிரம் ஆண்களும் ஆயிரம் பெண்களும் உள்ள ஊரில் 800 பெண்கள் 200 ஆண்களை மட்டுமே மணக்க முடியுமா? திருமணப் பதிவேடு அதை ஏற்காது. விருப்பம் என்ற ஓட்டத்தையும் இணைதல் என்ற முடிவையும் குழப்புவதால் வரும் பிழை இது.

அப்படியென்றால் இந்த எண் எங்கிருந்து வந்தது? அதற்கு வலுச்சேர்க்க அடிக்கடி காட்டப்படும் சான்று, ‘ஓகே-கியூபிட்’ என்ற அமெரிக்க இணையவழித் துணைதேடும் தளம் 2009இல் வெளியிட்ட ஒரு பதிவு. தளத்திலிருந்த பெண்கள், 80 விழுக்காடு ஆண்களின் தோற்றத்தை நடுத்தரத்துக்கும் கீழாக மதிப்பிட்டார்கள் என்று அது கூறியது. காணொளிகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆனால், அதே பதிவில் இரண்டாம் பாதி ஒன்று உண்டு. மதிப்பீட்டில் கடுமையாக இருந்த பெண்கள், செய்தி அனுப்பும்போது தாங்கள் குறைவாக மதிப்பிட்ட ஆண்களுக்கும் தாராளமாக எழுதினார்கள். பெண்களின் தோற்றத்தை மதிப்பிடுவதில் நடுநிலையோடு இருந்த ஆண்களோ, செய்தி அனுப்பும்போது தங்கள் செய்திகளில் மூன்றில் இரண்டு பங்கை மிக அழகான மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கே அனுப்பினார்கள்.

ஆக, அந்தத் தரவைச் செயல் என்ற கோணத்தில் படித்தால், எட்டாத சிலரையே சுற்றிச் சுற்றி வந்தவர்கள் ஆண்கள்தான். பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதிப் பாதியை விற்பனை செய்கிறார்கள். இதையே அரைக் கணக்கு என்கிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தத் தளத்தில் எண்ணப்பட்டவர்கள் யார்? தாமாகப் பதிவு செய்துகொண்ட அமெரிக்கர்கள். இங்கோ, பெரும்பாலான திருமணங்களைக் குடும்பங்களே பேசி முடிக்கின்றன. சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 விழுக்காடு மட்டுமே என்று 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு காட்டியது. பெண் தன் விருப்பப்படி ஒருவரைத் தேர்ந்தெடுப்பதே அரிதாக இருக்கும் சமூகத்தில், பெண்கள் எல்லாரும் சேர்ந்து 80 விழுக்காடு ஆண்களை நிராகரிக்கிறார்கள் என்று கூறுவது எவ்வளவு பொருத்தம்?

சந்தை என்றால் என்ன?

திருமணத்தைச் சந்தையாகப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பார்க்கலாம். கேரி பெக்கர் 1973இல் அவ்வாறு எழுதினார். பின்னர் நோபல் பரிசும் பெற்றார். ஆனால், அறிவுரையாளர்கள் சொல்லும் சந்தை, காய்கறிச் சந்தை. தராசில் ஏற்றினால் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரே விலை.

பொருளியல் அறிந்த திருமணச் சந்தை வேறு மாதிரியானது. டேவிட் கேல், லாய்ட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962இல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். ஒவ்வோர் ஆணுக்கும் தனியான விருப்ப வரிசை. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனியான விருப்ப வரிசை. ஒருவருக்குக் கடைசியாக இருப்பவர் இன்னொருவருக்கு முதலாவதாக இருக்கலாம். இருதரப்பின் எண்ணிக்கையும் சமமாக இருந்து, தனித்திருப்பதைவிட இணைவதையே எல்லாரும் விரும்பினால், ஒருவர்கூட விடுபடாமல் நிலையான இணைகளை அமைக்க முடியும் என்று அவர்கள் நிறுவினார்கள். அதன் தொடர்ச்சியான ஆய்வுகளே மருத்துவ மாணவர்களுக்கு மருத்துவமனைகளை ஒதுக்கவும், சிறுநீரகக் கொடையாளர்களைப் பொருத்தமான நோயாளிகளோடு இணைக்கவும் பயன்பட்டன. ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கட்டுரையில் விலை என்ற ஒன்றே கிடையாது. எந்த மனிதருக்கும் பத்துக்கு இவ்வளவு என்ற பொதுவான மதிப்பெண்ணும் கிடையாது. சந்தை என்ற சொல்லைக் கடன் வாங்கியவர்கள், அதனுள் இருந்த சிந்தனையை வாங்காமல் போய்விட்டார்கள்.

யாருக்கு வருமானம்?

ஆலோசனையும் ஒரு சந்தைப் பொருள்தான். வாங்குபவருக்கு அதன் தரம் தெரியாத சந்தையில், மோசமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டி விளக்கினார். பழைய காரையாவது ஓட்டிப்பார்த்து ஒரு மாதத்தில் தெரிந்துகொள்ளலாம். ‘உன்னை ஆணாக்குகிறேன்’ என்ற ஆலோசனையின் தரத்தை எப்போது, எப்படிச் சோதிப்பது? பலித்தால் ஆலோசகரின் திறமை. பலிக்காவிட்டால் மாணவரின் சோம்பல். இருபுறமும் ஆலோசகருக்கே வெற்றி.

ஆண்ட்ரூ டேட் என்பவரின் கதை இதைத் தெளிவாக்கும். மாதச் சந்தா கட்டிச் சேரும் ஓர் இணையப் பயிற்சியை அவர் நடத்தினார். புதியவர்களைச் சேர்த்துவிடும் உறுப்பினருக்குத் தரகு உண்டு. அந்தத் தரகுக்காகவே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அவருடைய பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிச் சமூக ஊடகங்களில் கொட்டினார்கள். எவ்வளவு சினமூட்டும் துண்டோ அவ்வளவு பார்வை. எவ்வளவு பார்வையோ அவ்வளவு தரகு. 2022 டிசம்பரில் ருமேனியாவில் அவர் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு ஆள்கடத்தல், பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவற்றை அவர் மறுத்துவருகிறார். வழக்கின் முடிவு எதுவாயினும், அந்த வணிகத்தின் அமைப்பு நமக்குப் பாடம். நோயாளி குணமடைந்தால் மருந்துக் கடைக்கு வருமானம் நின்றுவிடும். தன் மதிப்பெண் நான்கு என்று நம்பும் இளைஞர் அடுத்த மாதமும் சந்தா கட்டுவார். மதிப்பெண்ணையே தூக்கியெறிந்தவர் கட்ட மாட்டார்.

வலி பொய்யல்ல

ஆனால், விற்பனையாளர் பொய் சொல்கிறார் என்பதால் வாங்குபவரின் வலியும் பொய் என்று ஆகிவிடாது. முற்போக்காளர் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடு. படித்தால் வேலை, வேலை கிடைத்தால் திருமணம், திருமணமானால் மரியாதை என்று நாம் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். முதல் படியிலேயே வாக்கு தவறிவிட்டது. தவறியவர்கள் நாம்; வெட்கப்படுபவர்கள் அவர்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். அவர்களில் ஆண்கள் 1,22,724 பேர். அதாவது பத்தில் ஏழு பேருக்கும் மேல். இந்த எண்ணைக் காணொளிகள் உரக்கச் சொல்கின்றன; சொல்ல வேண்டியதும்தான். ஆனால், அதே அறிக்கையின் அடுத்த அட்டவணையைச் சொல்வதில்லை. உயிரிழந்தோரில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் தினக்கூலிகள். தாடையைச் செதுக்கும் பயிற்சியும், விலையுயர்ந்த கைக்கடிகாரமும், விடியற்காலைக் குளிர்நீர்க் குளியலும் அவர்களுக்கு எதைத் தீர்க்கும்? கூலி, கடன், குடி, நோய் என்று பேசினால் அது கொள்கை விவாதமாகிவிடும். கொள்கைக்குச் சந்தாதாரர் கிடைப்பதில்லை. ஆகவே, குற்றவாளியாகப் பெண் நிறுத்தப்படுகிறாள்.

ஆண்களின் பிரச்சினையைப் பெண் வெறுப்பு இல்லாமலும் பேச முடியும் என்பதற்கு ரிச்சர்ட் ரீவ்ஸ் எடுத்துக்காட்டு. பள்ளியில் பின்தங்கும் சிறுவர்கள், வேலையிழந்த ஆண்கள் பற்றி 2022இல் அவர் எழுதிய நூல், செவிலியம், கற்பித்தல் போன்ற பணிகளில் ஆண்களைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று வாதிடுகிறது. அமெரிக்காவை வைத்து எழுதப்பட்டதாயினும், அது கேட்கும் கேள்வி நமக்கும் உரியது. சம்பாதிப்பது ஒன்றே ஆணின் தகுதி என்றால், சம்பளம் நின்ற நாளில் அவனிடம் என்ன மிஞ்சும்? மொத்தச் சேமிப்பையும் ஒரே பங்கில் போடாதே என்பது எங்கள் துறையின் பாலபாடம். வாழ்க்கையின் மதிப்பை ஒரே பங்கில் போட்டுவைத்திருப்பவன் நம் ஆண்.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட ஆண்கள் சுமார் 26 விழுக்காடு மட்டுமே. பெண்கள் 81 விழுக்காடு. ஈடுபட்டவர்களிலும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். பெண்கள் 299 நிமிடம். படித்து வேலைக்குச் செல்லும் ஒரு பெண், வருங்காலக் கணவனிடம் எதைத் தேடுவாள் என்பதற்கு இந்த எண்களில் ஒரு விடை இருக்கிறது. அந்த இளைஞர் போட்டிருந்த மதிப்பெண் பட்டியலில் சமையல் என்ற தலைப்பு இல்லை. குழந்தையைத் தூக்கி வளர்ப்பது என்ற தலைப்பும் இல்லை.

எண்ணப்படாத பெண்கள்

எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் கிடைக்கவில்லை என்ற அவருடைய வருத்தத்துக்கு எந்தக் காணொளியும் சொல்லாத விளக்கம் ஒன்று உண்டு. அது 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது.

இயற்கையில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறப்பார்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகளில், 2001இல் தமிழ்நாட்டின் விகிதம் 942. சேலம் மாவட்டத்தில் 851. அன்றைய தருமபுரி மாவட்டத்தில் 826. சேலத்தில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய நூறு பெண் குழந்தைகள் குறைந்திருந்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டதும் அதே மாவட்டத்தில்தான். பிறக்குமுன் பாலினத்தைக் கண்டறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் வந்தது. கருவிகளோ சட்டத்தைவிட வேகமாகப் பரவின.

அன்று ஆறு வயதுக்குள் இருந்தவர்களுக்கு 2025இல் வயது 24 முதல் 30 வரை. அதாவது, சரியாகத் திருமண வயது. இன்று மணமேடைக்கு வர வேண்டிய பெண்களில் ஒரு பகுதியினர் நிராகரித்துவிட்டுப் போகவில்லை; அவர்கள் பிறக்கவில்லை, அல்லது பிறந்தும் வாழவிடப்படவில்லை. உலகில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் காணாமற்போயிருக்கிறார்கள் என்று அமர்த்தியா சென் 1990இல் எழுதியபோது, அதைப் பெண்களின் பிரச்சினை என்றே பலரும் வாசித்தோம். ஒரு தலைமுறை கழித்து அது ஆண்களின் பிரச்சினையாகத் திரும்பி வந்திருக்கிறது.

இந்தக் கணக்கையும் மிகைப்படுத்தக் கூடாது. திருமணங்கள் மாவட்ட எல்லையைக் கடக்கின்றன. வயது வித்தியாசம் பற்றாக்குறையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். சொந்த வீடு, அரசு வேலை, நகர வாழ்க்கை என்று பெண் வீட்டாரின் எதிர்பார்ப்புகளும் உயர்ந்திருக்கின்றன. ஆனால், பற்றாக்குறையைப் பன்மடங்காக்கும் காரணி ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அது சாதி. சாதிக்குள்ளேயே, அதிலும் குறிப்பிட்ட பிரிவுக்குள்ளேயே, ஜாதகமும் பொருந்தித்தான் பெண் வேண்டும் என்றால், பெரிய சந்தை சிறுசிறு அறைகளாகத் தடுக்கப்பட்டுவிடுகிறது. ஓர் அறையில் ஏற்பட்ட பற்றாக்குறையை அடுத்த அறையிலிருந்து நிரப்ப வழியில்லை. பெண் குழந்தை வேண்டாம் என்றது ஒரு தலைமுறையின் முடிவு. பிற சாதிப் பெண் வேண்டாம் என்பது இன்றைய முடிவு. இரண்டுக்கும் நடுவே சிக்கியிருக்கும் 26 வயது இளைஞரிடம், உன் தாடை சரியில்லை என்று ஒருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார்.

ஆண்மை என்ற சொல்

நம் முன்னோரின் ஆண்மையை மீட்கிறோம் என்ற குரலும் இப்போது கேட்கிறது. முன்னோர் சொன்னதையும் முழுதாகப் படிக்கலாம். பேராண்மை என்ற சொல்லைத் திருவள்ளுவர் ஓரிடத்தில், பிறர் மனைவியை விரும்பி நோக்காத ஒழுக்கத்துக்குச் சூட்டுகிறார் (குறள் 148). இன்னோரிடத்தில் பகைவரிடம் காட்டும் வீரம் என்று பொருள்படும்படி ஆள்கிறார்; ஆனால், உடனேயே, அப்பகைவனுக்கு ஒரு துன்பம் நேர்ந்தால் உதவுவதே அந்த வீரத்தின் கூர்மை என்கிறார் (குறள் 773). பெண் விடுதலைக்கு ஆண்மை என்ற கருத்தே அழிய வேண்டும் என்று பெரியார் வாதிட்டார். இந்த மூன்று பொருளும் ஒன்றோடொன்று முரண்படலாம். அவற்றைப் படித்து விவாதிக்கலாம். ஆனால், இவற்றில் எதுவுமே பெண்ணை வெல்வதை ஆண்மைக்கு அளவுகோலாக வைக்கவில்லை.

நான்கு கேள்விகள்

அந்த இளைஞர் இரண்டாம் முறை வந்தபோது, மேலே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். காணொளிகளைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை, சொன்னால் பலிக்காது. எந்த ஆலோசனையைக் கேட்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள் என்றேன். இந்தக் கணக்கில் எண்ணப்பட்டவர்கள் யார்? விடுபட்ட பாதி எது? நான் இதை நம்பினால் யாருக்கு வருமானம்? இது தவறாகப் போனால் நட்டம் யாருக்கு? வகுப்பறையில் இந்தக் கேள்விகளை நாங்கள் பணவீக்கத்துக்கும் ஏற்றுமதிக்கும் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தோம். சொந்த வாழ்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று சொல்ல மறந்துவிட்டோம். அந்தக் குறையில் என் பங்கும் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் அந்தக் காணொளிகளிடம் போவது, அங்கு அறிவு கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. தோற்றதைப் பற்றிப் பேச வேறு இடம் இல்லை என்பதால். வேலை கிடைக்காத மகனிடம், பெண் அமையாத மகனிடம், “சாப்பிட்டாயா?” என்பதைத் தாண்டி நம்மில் எத்தனை தந்தையர் பேசுகிறோம்?

போன வாரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். சேலம் எண்ணைக் கேட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை என்றார். தன்னோடு தெருவில் விளையாடிய, தன் வயதை ஒட்டிய பிள்ளைகளை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறார். “பதினாலு பசங்க சார். பொண்ணுங்க எட்டுப் பேர்தான். இத்தனை வருஷம் நான் எண்ணிப் பார்த்ததே இல்ல.”

ஒரு தெருவின் கணக்கை வைத்து எதையும் நிறுவ முடியாது தம்பி, மாதிரி மிகச் சிறியது என்று பழக்கதோஷத்தில் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். பக்கத்துத் தெருவையும் எண்ணப் போவதாகச் சொன்னார்.

- கட்டுரையாளர், பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)